நேர்காணலுக்குப் பின் எழுதும் நன்றி மடல்: டர்பனில் வேலை தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள ஒரு நிறுவனத்தின் நேர்காணல் குழுவில் சில ஆண்டுகளாக இருந்து வருகிறேன். நேர்காணலுக்கு வந்து சென்ற நம்மவர்கள் அனுப்பும் நன்றி மடல்களில் பெரும்பாலானவை, நன்றி என்ற பெயரில் எழுதிய இரண்டாவது விண்ணப்பங்களாகவே இருக்கின்றன. நம் வீடுகளில் நன்றியை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் குறைவு. சொன்னால், ‘என்ன, அந்நியரைப் போலப் பேசுகிறாய்?’ என்று கேட்பார்கள். அந்தப் பழக்கமின்மையால்தானோ என்னவோ, எழுத உட்கார்ந்ததும் நம் மடல் கைகூப்பி நிற்கும் மனுவாகிவிடுகிறது. ‘இவ்வேலையைத் தந்தால் வாழ்நாள் முழுவதும் கடமைப்பட்டிருப்பேன்’ என்ற வரி படிப்பவரைச் சங்கடப்படுத்துமே தவிர, எழுதியவரின் திறமையைப் பற்றி எதுவும் சொல்லாது.

ஐந்தாறு வாக்கியங்கள் போதும். அவற்றுள் ஒன்றாவது அந்த அறையில் பேசப்பட்ட ஏதேனும் ஒன்றைத் தொட வேண்டும். துறைமுகத்தில் கொள்கலன்கள் தேங்கும் நாட்களில் வாடிக்கையாளருக்கு எப்படித் தகவல் சொல்வீர்கள் என்று கேட்டிருந்தால், அதைப் பற்றி வீடு திரும்பியபின் தோன்றிய ஒரு கருத்தை ஒரே வரியில் எழுதலாம். சொன்ன பதில்கள் அனைத்தையும் திருத்தி விளக்கம் கொடுப்பது தவறு. ஆண்டையோ தொகையையோ பிழையாகச் சொல்லியிருந்தால் மட்டும் அதைச் சரிசெய்யலாம். சம்பளப் பேச்சு இம்மடலில் வேண்டாம்.

நான் மிகுதியாகக் காணும் பிழை பெயர்ப் பிழைதான். 1860 முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்த நம் முன்னோரின் பெயர்களை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி பதிவு செய்ததால், ஒரே பெயர் இங்கே பல எழுத்துக்கூட்டல்களில் வழங்குகிறது. பிள்ளை என்பவர் ஆங்கிலத்தில் ‘ஒய்’ என்று முடிப்பாரா, ‘ஐ’ என்று முடிப்பாரா, நாயுடு என்பவர் இரண்டு ‘ஓ’ போடுவாரா, ‘யு’ போடுவாரா என்பதை ஊகிக்கக் கூடாது. படையாச்சியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தமிழர்தானே, நமக்குத் தெரியாதா என்ற நினைப்பில் தமிழரே தமிழர் பெயரைத் தவறாக எழுதுவதுதான் வேடிக்கை. டச்சிலிருந்து பிறந்த இங்குள்ள மொழியான ஆஃப்ரிக்கான்ஸின் பெயர்களில் வேறொரு நுட்பம் உண்டு. ‘வான் டெர் மெர்வ’ என்ற குடும்பப் பெயரில் உள்ள ‘வான்’, முதற்பெயரோ முதலெழுத்தோ முன்னே வந்தால் சிறிய எழுத்தில் தொடங்கும், திரு. என்பதற்குப் பின் குடும்பப் பெயர் மட்டும் வந்தால் பெரிய எழுத்தில் தொடங்கும். அழைப்பு மின்னஞ்சலைப் பார்த்து எழுதுங்கள். அதில் பெயர்கள் இல்லையென்றால், விடைபெறும்போதே வரவேற்பாளரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

மடலை அன்று மாலையோ மறுநாள் காலையோ அனுப்பலாம். கார் நிறுத்துமிடத்திலிருந்தே அனுப்பினால், முன்கூட்டியே எழுதி வைத்தது என்பது தெரிந்துவிடும். குழுவில் நால்வர் இருந்தால் நால்வருக்கும் ஒரே மடலைப் படியெடுத்து அனுப்பாதீர்கள், நாங்கள் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வதுண்டு. ஒருங்கிணைத்தவருக்கு மட்டும் எழுதி, மற்றவர்களுக்கும் நன்றியைத் தெரிவிக்கக் கேட்பது அதைவிட மேல்.

நம்மவர்கள் மிகுதியாக வாழும் டர்பன் பகுதிகளான சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் யாரைக் கேட்டாலும் யாருக்கோ உறவாக இருப்பார்கள். அதனால் ‘அங்கிள்’ ஒருவர் வழியாகக் கேள்வி கேட்டவரின் கைப்பேசி எண்ணைப் பெற்று, இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் நன்றி சொல்வதும், மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயிலின் ஈஸ்டர் திருவிழாவில் அவரை நிறுத்தி ‘என் விஷயம் என்ன ஆயிற்று?’ என்று கேட்பதும் நடக்கின்றன. நகராட்சி வேலை விளம்பரங்கள் பலவற்றில், செல்வாக்கைத் தேடுவோர் தகுதியிழப்பர் என்றே அச்சிட்டிருப்பார்கள். தீபாவளிக்கு முந்தைய வாரம் நேர்காணல் நடந்தது என்பதற்காகப் பலகாரப் பெட்டி அனுப்புவதும் வேண்டாம். அண்டை வீட்டாருக்கு அது அன்பு. முடிவெடுக்க இருப்பவருக்கு அது தலைவலி.

முடிவு சொல்வதாகக் கூறிய நாள் கடந்து சில வேலைநாட்கள் ஆனபின் ஒரு முறை விசாரிக்கலாம். ஆனால் நாட்காட்டியையும் பாருங்கள். டிசம்பர் 16 நல்லிணக்க நாள் விடுமுறையை ஒட்டிப் பல அலுவலகங்கள் மூடி ஜனவரியில்தான் திறக்கின்றன. டிசம்பர் 10இல் நேர்காணல் முடித்தவர் கிறிஸ்துமஸ் வரை பதில் வராததை நிராகரிப்பு என்று எண்ணி வருந்த வேண்டியதில்லை.

வேலை வேறொருவருக்குப் போனது என்று தெரிந்ததும் பெரும்பாலோர் மௌனமாகிவிடுகிறார்கள். அப்போதுதான் இரண்டு வரி எழுத வேண்டும் என்பேன். தேர்வானவர் ஏற்கெனவே ஓரிடத்தில் ஓராண்டோ அதற்கு மேலோ பணியாற்றியிருந்தால், 1997ஆம் ஆண்டின் அடிப்படைப் பணி நிபந்தனைகள் சட்டப்படி பொதுவாக நான்கு வார முன்னறிவிப்பு கொடுத்துத்தான் விலக முடியும். அந்த நான்கு வாரங்களுக்குள் பழைய முதலாளியே சம்பளத்தைக் கூட்டி அவரைத் தக்கவைத்துக்கொண்டால், குழு மறுபடியும் கையிலெடுப்பது பட்டியலின் இரண்டாம் பெயரைத்தான்.