பைல் சேவ் ஆகவில்லையா? சூடோவுக்கு முன் சொந்தக்காரரைப் பாருங்கள்

உயர்தரத்தில் ஐசிடி செய்யும் பிள்ளைகள் கொட்டகலையிலிருந்தும் டிக்கோயாவிலிருந்தும் ஹட்டனுக்கு லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வருவார்கள். "அண்ணா, எடிட்டர் பழுது, சேவ் பண்ண விடுதில்ல" என்பார்கள். எடிட்டர் பழுதே இல்லை. விம் என்ற எடிட்டர் 'ஈ212' என்று காட்டினாலும், நானோ என்ற எடிட்டர் 'பெர்மிஷன் டினைட்' (அனுமதி இல்லை) என்றாலும், எழுத விடாதது லினக்ஸ்தான். எடிட்டரை மாற்றினாலும் அதே பதில்தான் வரும்.

முதலில், அடித்த வேலையைக் காப்பாற்றுங்கள். விண்டோவை மூட வேண்டாம். நானோவில் கன்ட்ரோல்-ஓ அழுத்தி, பாதையை மாற்றி உங்கள் ஹோம் போல்டருக்குள் வேறு பெயரில் சேமியுங்கள். விம்மில் :டபிள்யூ அடித்து, ஓர் இடைவெளி விட்டு, புதிய பாதையைக் கொடுங்கள். கட்டளைகளைத் தமிழெழுத்தில் தருகிறேன். அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்து.

இப்போது டெர்மினலில் (கட்டளை அடிக்கும் விண்டோவில்) எல்எஸ் -எல், பக்கத்தில் பைல் பெயர். வரியின் முதல் எழுத்து பைலா போல்டரா என்று சொல்லும். அடுத்த ஒன்பதும் மும்மூன்றாகச் சொந்தக்காரர், குழு, மற்றவர்கள். ஆர் வாசிக்க, டபிள்யூ எழுத, எக்ஸ் இயக்க. எண்ணில் 4, 2, 1; கூட்டினால் ஒவ்வொரு தரப்புக்கும் ஓர் இலக்கம். தோட்டத்துச் செக்ரோலில் (வேலையாட்களின் வரவுப் பதிவில்) கணக்கப்பிள்ளைதான் பேனா வைப்பார். மற்றவர்கள் தங்கள் பெயர் விழுந்திருக்கிறதா என்று பார்க்கலாம், அவ்வளவுதான். 644 என்றால் அதுதான்.

போல்டரையும் பாருங்கள்: எல்எஸ் -எல்டி. புதிய பைல் உருவாக்கப் போல்டரில் எழுதும் உரிமையும் எக்ஸும் (போல்டரில் அது உள்ளே போகும் உரிமை) வேண்டும்.

பிள்ளைகள் அதிகம் மாட்டுவது பிஎச்பியில் வெப்சைட் செய்யும்போது. அப்பாச்சி என்ற வெப் சேர்வரைப் போட்டதும் /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ/எச்டிஎம்எல் போல்டர் ரூட் என்ற நிர்வாகி யூசருக்குச் சொந்தமாகிவிடும். வீடியோக்களில் 777 கொடுக்கச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம், அந்த மெஷினில் ஓடும் எந்தப் புரோகிராமும் உங்கள் பைலில் கை வைக்கலாம் என்று அர்த்தம். பதிலாக, சொந்தக்காரரை மாற்றுங்கள்: சூடோ (ரூட்டின் அதிகாரத்தில் ஓட்டும் கட்டளை) சிஎச்ஓடபிள்யூஎன் -ஆர், உங்கள் யூசர் பெயர், பிறகு அந்தப் பாதை. இங்கே ஆர் மட்டும் கெப்பிட்டல். அப்பாச்சிக்கு வாசிக்க முடிந்தால் போதும், பைலுக்கு 644-உம் போல்டருக்கு 755-உம் தாராளம். இரண்டு பேர் ஒரே புரொஜெக்டில் எழுதினால் இருவரையும் ஒரு குழுவில் போட்டு, போல்டரை அந்தக் குழுவுக்கு மாற்றி, சிஎச்எம்ஓடி (உரிமையை மாற்றும் கட்டளை) 2775 கொடுங்கள். முன்னால் உள்ள 2, உள்ளே உருவாகும் பைல்களையும் அதே குழுவில் வைக்கும். குழுவில் சேர்த்த பிறகு லொக்-அவுட் செய்து திரும்ப வர மறக்காதீர்கள்.

/ஈடிசி-க்குள் இருக்கும் சிஸ்டம் செட்டிங் பைல்கள் வேறு கதை. அங்கே சொந்தக்காரரை மாற்றாதீர்கள், சூடோஎடிட் போதும். அது நகல் எடுத்து, உங்கள் யூசரிலேயே எடிட்டரைத் திறந்து, முடிந்ததும் அசல் இடத்தில் எழுதும். ஏற்கெனவே விம்மில் திறந்து முழுக்க மாற்றிவிட்டீர்களா? :டபிள்யூ !சூடோ டீ % என்று அடியுங்கள். பைல் வெளியே மாறிவிட்டது என்று கேட்டால் எல் அழுத்துங்கள்.

எடிட்டரையே சூடோ போட்டுத் திறப்பது எனக்குப் பிடிக்காத பழக்கம். பழைய உபுண்டு போன்றவற்றில் உங்கள் ஹோமுக்குள் ரூட் பெயரில் செட்டிங் பைல்கள் விழலாம். பிறகு உங்கள் சொந்த எடிட்டரே உங்களிடம் முறைப்பாடு சொல்லும். ஃபைண்ட் ~ -யூசர் ரூட் அப்படிப்பட்டவற்றைக் காட்டிக்கொடுக்கும்.

உரிமை எல்லாம் சரி, ஆனால் 'ரீட்-ஒன்லி பைல் சிஸ்டம்' என்று வருகிறதா? அது பெர்மிஷன் பிரச்சினை இல்லை, சிஎச்எம்ஓடி உதவாது. பாட்டரி செத்த பழைய லெப்டொப்பில் இடிமழை நேரம் கரண்டு போய் வந்தால் டிஸ்க் குழம்பலாம். உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ்களில் ஈஎக்ஸ்டி4 என்ற பைல் சிஸ்டம் பிழை கண்டால் எழுதுவதையே நிறுத்திவிடும். மிச்சமும் கெடாமல் இருக்கத்தான். பென்டிரைவில் முக்கியமானவற்றை எடுத்துவிட்டு, லைவ் பென்னில் (லினக்ஸ் நேரடியாக ஓடும் பென்டிரைவில்) பூட் செய்து, டிஸ்க்கை மவுண்ட் செய்யாமல் (திறக்காமல்) எஃப்எஸ்சிகே என்ற சோதனைக் கட்டளையை ஓட்டுங்கள். விண்டோஸ் பார்ட்டிஷன் என்றால் பெரும்பாலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்தான் காரணம். விண்டோஸில் அதை நிறுத்துங்கள்.

ரூட்டாகப் போயும் ஒரே ஒரு பைல் மட்டும் மறுத்தால் எல்எஸ்ஏடிடிஆர் அடியுங்கள். ஐ என்ற எழுத்து இருந்தால் யாரோ வேண்டுமென்றே பூட்டியிருக்கிறார்கள். சூடோ சிஎச்ஏடிடிஆர் -ஐ அதைத் திறக்கும். ஸ்கூல் லேப் மெஷின் என்றால் முதலில் சேரைக் கேளுங்கள்.