ராத்திரி மாத்திரையும் ராத்திரிக் கடலும்

பாம்பனில் விசைப்படகில் போகிறவன் நான். காலையில் கிளம்பினால் மறுநாள் காலைதான் கரை. பிரஷருக்கு எனலாப்ரில், காலை ஒன்று, இரவு ஒன்று. காலை மாத்திரை வீட்டிலேயே உள்ளே போய்விடும். இரவு மாத்திரை சட்டைப்பையில் வரும். வலை இழுக்கிற நேரத்தில் யாருக்கு ஞாபகம்? ஒருதரம் உப்புத்தண்ணியில் கரைந்து பையெல்லாம் மாவு.

கரைக்கு வந்து பார்த்தால் 160/100. மாத்திரை சரியில்லை என்று டாக்டரம்மாவிடம் சண்டையே போட்டேன். அவர் என் பழைய சீட்டைப் புரட்டினார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும் 130/80. அப்போது வீட்டில்தானே கிடந்தேன், இரண்டு வேளையும் தப்பவில்லை! மிச்ச மாத்திரைகளை எண்ணச் சொன்னார். எண்ணினேன், வெட்கமாகப் போனது.

எனலாப்ரில் சிலருக்கு முழுநாள் தாங்காதாம், அதனால்தான் இரண்டு வேளை. எனக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம், காலையில் ஒன்று என்று மாற்றினார். அதன் அளவு ரத்தத்தில் பாதியாகவே 30 முதல் 50 மணி நேரம் ஆகுமாம். ஒருவேளை பிந்தினாலும் பிரஷர் சட்டென்று ஏறாது. முழுப்பலன் தெரிய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அவசரப்படாதே என்றார்.

இப்போது 134/84. சாயங்காலம் கணுக்கால் லேசாக வீங்குகிறது. இந்த மாத்திரைக்கு அது உண்டாம், அடுத்தமுறை காட்டணும். கருவாட்டை மட்டும் இன்னும் விட முடியவில்லை.