விபிஎன் பெட்டியில் ஓட்டை: பேட்ச் போடுவதற்கு முன்னும் பின்னும்

நாகர்கோவில் கோணத்திலிருந்து மார்த்தாண்டம் வரை சில ஆபீஸ்களுக்கு நெட்வொர்க் பார்ப்பது என் பிழைப்பு. முந்திரி ஏற்றுமதியோ ஆஸ்பத்திரியோ, ரேக்கில் ஒரு விபிஎன் பெட்டி இருக்கும்: வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக வர வழிவிடும் கருவி. அதில் திருடன் நுழையும்படி பெரிய ஓட்டை என்று தயாரித்த கம்பெனி அறிவித்ததும் முதலாளி கேட்பது ஒன்றுதான்: "பேட்ச் போட்டாச்சா?" பேட்ச் என்றால் ஓட்டையை அடைக்கும் சாப்ட்வேர் திருத்தம்.

அதற்கு முன்னால் பெட்டிக்குள் நுழைந்து பர்ம்வேர் (பெட்டியை இயக்கும் சாப்ட்வேர்) பதிப்பு எண்ணைப் பாருங்கள். பழைய பில்லை நம்ப வேண்டாம். அப்புறம் மொபைலில் வைஃபையை அணைத்து, டேட்டாவில், அதாவது ஆபீசுக்கு வெளியிலிருந்து, பெட்டியின் அட்மின் பக்கம் திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால் அன்றைக்கே மூடிவிடுங்கள். ஓட்டை விபிஎன் லாகின் பக்கத்திலேயே இருந்தால் இது போதாது.

பேட்ச் இன்னும் வரவில்லையா? விபிஎன்னை நிறுத்துங்கள். 2024 ஜனவரி 10-ல் இவான்டி கம்பெனியின் விபிஎன் பெட்டிகளின் ஓட்டை வெளியே வந்தது. பேட்ச் வர மாதக் கடைசியாகிவிட்டது. அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா, அந்நாட்டு அரசு அலுவலகங்களைப் பெட்டியையே கழற்றச் சொன்னது. நாம் வீட்டிலிருந்து நாலு நாள் டேலி திறக்காவிட்டால் குடி முழுகிவிடாது.

பேட்ச் போடுமுன் லாகையும் (யார் எப்போது நுழைந்தார் என்ற பதிவு) கான்பிகரேஷனையும் (பெட்டியின் செட்டிங்குகள்) வேறு இடத்தில் எடுத்து வையுங்கள். ரீபூட்டில் லாக் அழியலாம். மழைக்காலமென்றால் யுபிஎஸ் பேட்டரியையும் பாருங்கள். பர்ம்வேர் ஏறும்போது கரண்ட் போனால் பெட்டி எழும்பாமலே போகலாம்.

போட்டாச்சு, சரி. ஆனால் வேலை முடியவில்லை. 2023-ல் சிட்ரிக்ஸ் கம்பெனி பெட்டிகளில் வந்த 'சிட்ரிக்ஸ் பிளீட்' ஓட்டையில் கசிந்தது செஷன் டோக்கன், அதாவது ஏற்கனவே லாகின் ஆனவர் என்று காட்டும் அடையாளச் சீட்டு. அதை முன்பே திருடியவன், பேட்ச் போட்ட பிறகும் பாஸ்வேர்டோ ஓடிபியோ இல்லாமல் உள்ளே வர முடிந்தது. அதனால் எல்லா செஷனையும் வெட்டுங்கள். எல்லாருடைய பாஸ்வேர்டையும், பெட்டி சர்வரோடு பேசும் கணக்கின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். பின்னதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். யாருக்கும் தெரியாத அட்மின் பெயர் ஏதாவது முளைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இனி லாக். வெளிநாட்டு ஐபி என்றதும் அலற வேண்டாம். நம்மூர் முதலாளிக்கு துபாயிலும் கடை இருக்கும். போன் போட்டுக் கேளுங்கள்: "அண்ணாச்சி, ராத்திரி ரெண்டரைக்கு நீங்களா உள்ள வந்தீங்க?" அங்கே அப்போது மணி ஒன்று. "நான் தூங்கிட்டிருந்தேன்" என்றால் விஷயம் வேறு. நெட்வொர்க் கேபிளை உருவுங்கள், பவரை அணைக்காதீர்கள். பல தடயம் மெமரியில்தான் இருக்கும், பவர் போனால் அழிந்துவிடும். இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது 2022-லேயே வந்த விதி.

அதே விதி லாகை 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது. சின்னப் பெட்டிகள் அவ்வளவு தாங்காது. மூலையில் கிடக்கும் பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் ஏற்றி, சிஸ்லாக்கை (பெட்டி லாகை வேறு கம்ப்யூட்டருக்கு அனுப்பும் வசதி) அங்கே திருப்பிவிடுங்கள்.