ஒன்றைப் பெருக்க மற்றவற்றைச் சுருக்குங்கள்

ஜி.ஆர்.இ., ஜிமேட் போன்ற முதுநிலைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வுகளில் ‘அதிகபட்சம் எவ்வளவு’ என்ற வினாவைக் கண்டதும் சமன்பாடு எழுத விரையாமல், மொத்தம் மாறாதபோது ஒன்று பெருக வேண்டுமானால் மற்றவை இயன்றவரை சிறுக்க வேண்டும் என்பதை முதலில் மனத்தில் இருத்துங்கள்.

ஐந்து வெவ்வேறு இயல் எண்களின் சராசரி 12, இடைநிலை அளவு (ஏறுவரிசையில் நடுவில் நிற்கும் எண்) 10 எனில், மிகப் பெரிய எண் அதிகபட்சம் எவ்வளவு? கூட்டுத்தொகை 60. நடுவில் 10 நிற்பதால், அதற்கு முன் 1, 2 ஆகியவற்றையும் பின் 11ஐயும் வைத்தால் நான்கும் சேர்ந்து 24. எஞ்சிய 36 விடை. ‘வெவ்வேறு’ என்ற சொல் இல்லாவிட்டால் 1, 1, 10, 10 என வைக்கலாம் என்பதால் விடை 38 ஆகிவிடும்; ஆகவே அந்தச் சொல்லைத் தாளில் குறித்துக்கொண்ட பிறகே கணக்கைத் தொடங்குங்கள்.

அதே பெரிய எண்ணின் குறைந்தபட்ச மதிப்பைக் கேட்டால், மற்றவற்றை இயன்றவரை உயர்த்துங்கள்: 8, 9, 10 போக எஞ்சும் 33ஐ 16, 17 எனப் பிரித்தால் விடை 17.