விமானிப் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன்

பயிற்சிப் பள்ளியைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்களா? சரி, முன்பணம் கட்டுவதற்கு முன் கிளாஸ் 1 மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். வணிக விமானி உரிமத்துக்கு இது கட்டாயம். கண்ணாடி அணிவது பொதுவாகத் தடையில்லை. ஆனால் நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருப்பது பாதிப் பயிற்சியில் தெரியவந்தால் பணமும் கனவும் சேர்ந்தே போகும்.

அடுத்தது, நான் மிகவும் நம்பும் ஒரு பழக்கம்: வீட்டு நாற்காலியிலேயே பறந்து பாருங்கள். காக்பிட் படத்தை எதிரே ஒட்டி, செக்லிஸ்ட்டை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே, கை எந்த சுவிட்சுக்குப் போக வேண்டுமோ அங்கே கொண்டுபோங்கள். புறப்பாடு, சுற்று (ஓடுபாதையை ஒட்டிச் சுற்றிவருவது), தரையிறக்கம் என ஒவ்வொரு கட்டத்தையும் ரேடியோவில் பேசுவது உட்பட முழுதாக ஓட்டுங்கள். வானில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் காசு. இங்கே எத்தனை முறை வேண்டுமானாலும் இலவசம். அனுபவமுள்ள விமானிகளும் இதைச் செய்கிறார்கள்.

அப்புறம் மனக்கணக்கு. தரை வேகத்தை (தரையைப் பொறுத்து விமானம் நகரும் வேகம், நாட் கணக்கில்; ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) 5-ஆல் பெருக்கினால், 3 பாகைச் சரிவில் இறங்க நிமிடத்துக்கு எத்தனை அடி குறைய வேண்டும் என்பது தோராயமாகக் கிடைக்கும். 90 நாட் வேகம் என்றால் 450 அடி. இப்படிப்பட்ட கணக்குகள் யோசிக்காமலே வர வேண்டும்.

ரேடியோவில் A, B, C எழுத்துகளைக் குழப்பமில்லாமல் சொல்லப் பயன்படும் ஆல்ஃபா, பிராவோ, சார்லி வரிசையை இன்றே தொடங்கலாம். சாலையில் போகும் வண்டி எண்களை அப்படியே படித்துப் பாருங்கள், ஒரு வாரத்தில் நாக்கில் நின்றுவிடும்.