சிங்கப்பூர் ஜிஎஸ்டி ரீஃபண்டு: நம்ம ஊர்க்காரங்க விட்டுட்டு வர்ற காசு

பெருநாள் முடிஞ்ச கையோட கீழக்கரைல பல வீடு பூட்டிக் கிடக்கும், கேட்டா சிங்கப்பூர் மலேசியா டூரும்பாங்க. போன வாரம் லாத்தா மகன் ஒரு பில்லை போட்டோ எடுத்து அனுப்பி "மாமா, இதுல இருக்குற ஜிஎஸ்டி காச எந்த கவுண்டர்ல வாங்குறது"ன்னு கேட்டான். இப்ப எங்க இருக்கேன்னு கேட்டேன். சிங்கப்பூர் எல்லைய கடந்து, மலேசியாவோட ஜொகூர் பாரு ஊரும் தாண்டி பஸ்ல போயிட்டு இருக்கானாம். போச்சு. நான் பண்ணின அதே கூத்த அச்சு அசலா பண்ணி வச்சிருக்கான், வம்சம் அப்படி. டூரிஸ்டா போய் சிங்கப்பூர்ல வாங்குற பொருளோட விலைல இருக்குற ஜிஎஸ்டி வரிய, பொருளோட கிளம்பும்போது திருப்பி வாங்கிக்கலாம், அதான் இந்த ரீஃபண்டு.

பில்லை தொலைக்காதீங்க, சீக்கிரம் ஏர்ப்போர்ட் போங்கன்னு எல்லாம் எழுதப் போறதில்ல, அது உங்களுக்கே தெரியும். நம்மாளுங்க பண்ற தப்புகள மட்டும் ஒண்ணொண்ணா சொல்றேன்.

வாங்குறது சிங்கப்பூர்ல, பிளேன் ஏறுறது கோலாலம்பூர்ல

இதத்தான் முதல்ல சொல்லணும், ஏன்னா எனக்கு இன்னும் வயிறு எரியுது.

2024 மே லீவுல குடும்பத்தோட போனோம். போறது திருச்சி டூ சிங்கப்பூர், நாலு நாள் அங்க, அப்புறம் பஸ்ல மலேசியா, திரும்பி வர்றது கோலாலம்பூர்ல இருந்து திருச்சி. இந்த மாதிரி போட்டா டிக்கெட் காசு மிச்சம்னு ஏஜெண்ட் சொன்னாரு, மிச்சம்தான், பொய் சொல்லல. மச்சான் மகளுக்கு காலேஜுக்குன்னு ஒரு லேப்டாப், 1,635 சிங்கப்பூர் டாலர். எனக்கு ஒரு வாட்ச், 545. ரெண்டும் சேர்த்து 2,180. அந்த வருசம் ஜனவரி 1ல இருந்துதான் அங்க ஜிஎஸ்டி 8 சதவீதத்துல இருந்து 9 ஆச்சு, அப்ப பில்லுக்குள்ள இருந்த வரி மட்டும் 180 டாலர். (2,180க்கு 9 சதவீதம் 196ன்னு சண்டைக்கு வராதீங்க, பில் தொகைலயே வரி சேர்ந்திருக்கு, 109ல 9ன்னு கணக்கு போடணும்.) ரீஃபண்டு ஏஜென்சி கமிஷன் கொஞ்சம் போக மீதி கைக்கு வரும்னு மனசுக்குள்ள செலவே பண்ணி முடிச்சுட்டேன். கடைல பாஸ்போர்ட்ட காட்டி எல்லாம் பதிவு பண்ணியாச்சு, பில் போட்ட பொண்ணு "கிளம்பும்போது கிளெய்ம் பண்ணிக்கங்க"ன்னு சொல்லுச்சு. கிளம்பும்போது. எது வழியா கிளம்புறேன்னு அதுவும் கேக்கல நானும் சொல்லல.

சிங்கப்பூர் எல்லைல இருக்குற உட்லண்ட்ஸ் செக்போஸ்ட்ல பஸ் நின்னுச்சு, எல்லாரும் இறங்கி இமிகிரேஷன் முடிச்சுட்டு வரணும், பஸ் ரொம்ப நேரம் நிக்காது. நான் லேப்டாப் டப்பாவ நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ரீஃபண்டு மெஷின் எங்கன்னு தேடுறேன். சீருடைல நின்ன ஒருத்தர் தமிழ் ஆளு, பில்லை வாங்கிக்கூட பார்க்கல, "அண்ணே இங்க அது கிடையாது, ஏர்ப்போர்ட்ல மட்டும்தான்"னாரு. வெளிய டிரைவர் ஹாரன் அடிக்கிறாரு. வீட்டுல எவ்வளவு போச்சுன்னு கேட்டா, அம்பது டாலர்னு சொல்லி வச்சேன், இன்னிக்கு வரைக்கும் அதான் கணக்கு. நிஜமா போனது அந்த 180, நம்ம ரூவாய்ல 11,000க்கு மேல.

விஷயம் இதுதான். சிங்கப்பூர்ல டூரிஸ்ட் ரீஃபண்டு சாங்கி, செலட்டார்ங்குற ரெண்டு ஏர்ப்போர்ட் வழியா பொருளோட வெளியேறுறவங்களுக்குத்தான், அதோட இன்டர்நேஷனல் க்ரூஸ் கப்பல்ல போறவங்களுக்கும் உண்டு. உட்லண்ட்ஸ், துவாஸ்னு மலேசியாவுக்குப் போற ரெண்டு ரோடு வழி போனா பத்து காசு வராது. இந்தோனேசியாவோட பாத்தாம் தீவுக்குப் போற ஃபெர்ரியும் க்ரூஸ் கணக்குல சேராது.

கோலாலம்பூர் ஏர்ப்போர்ட்லயாவது கேப்போம்னு ஒரு கவுண்டர்ல போய் நின்னேன் பாருங்க, அது அதவிட அசிங்கம். சிங்கப்பூர் வரிய மலேசியாக்காரன் ஏன் தரணும்? அவங்க நாட்டு ரீஃபண்டே இப்ப இல்ல, 2015ல கொண்டு வந்த ஜிஎஸ்டிய 2018ல எடுத்துட்டு பழையபடி எஸ்எஸ்டிங்குற விற்பனை, சேவை வரிக்கு போயிட்டாங்க, டூரிஸ்டுக்கு திருப்பித் தர்றதும் அதோட போச்சு. பழைய வீடியோவ பார்த்துட்டு மலேசியா பில்லை எல்லாம் பத்திரமா கட்டி வச்சிருக்குற ஆளுங்க இன்னமும் இருக்காங்க.

அதனால டூர திருப்பிப் போடுங்க. மலேசியா முதல்ல, சிங்கப்பூர் கடைசி, ஏறுறது சாங்கில. வாங்கின நாள்ல இருந்து ரெண்டு மாசத்துக்குள்ள கிளம்பினா போதும், அவசரமே இல்ல. டிக்கெட் ஏற்கனவே போட்டாச்சு மாத்த முடியாதுன்னா அந்த 9 சதவீதம் போனதுதான்னு வச்சு விலைய ஒப்பிட்டுப் பாருங்க. அந்த லேப்டாப்ப நான் மதுரைலயே வாங்கியிருக்கலாம், வாரண்டிக்காவது அலையாம இருந்திருப்பேன்.

சூட்கேஸ் பெல்ட்டுல போனப்புறம் மெஷின தேடுறது

சாங்கி செக்இன் ஹால்லயே ரீஃபண்டு மெஷின் இருக்கு. பெட்டிக்குள்ள போற பொருள்னா அத அங்க முடிச்சுட்டு அப்புறம் பெட்டிய போடுங்க, பொருள காட்டுன்னு கஸ்டம்ஸ் கூப்பிட்டா காட்டணும். கைல கொண்டு போறதுன்னா உள்ள போயும் பண்ணலாம்.

பாஸ்போர்ட்ட ரூம்ல பூட்டி வச்சுட்டு போன்ல போட்டோ காட்டுறது

செல்லாது. ஒரிஜினல்.

நாலு பேரு பில்லை ஒண்ணா சேர்க்குறது

ஒரே கடைல ஒரே நாள்ல குறைஞ்சது 100 டாலருக்கு வாங்கணும், அந்த 100 சேர மூணு பில் வரைக்கும் சேர்த்துக்கலாம். ஆனா ஒரு ஆளு பேர்ல. உம்மா பில்லு 60 மாமி பில்லு 50ன்னு கூட்டி எழுதச் சொல்லி கவுண்டர்ல மல்லுக்கட்டாதீங்க, வாங்கும்போதே ஒருத்தர் வாங்கிருங்க.

அங்க வேலை பாக்குற மச்சான் பேர்ல வாங்குறது

வொர்க் பெர்மிட்காரங்களுக்கு கிடையாது. அவரு காட்டுற பாசம் உங்களுக்கு 9 சதவீத நஷ்டம்.

குருவி வேலை

விக்கிறதுக்கு வாங்கிட்டுப் போற சரக்குக்கு ரீஃபண்டு இல்ல. அதுக்கு மேல நான் எதுவும் சொல்லல.

இங்க வந்து விலைய குறைச்சு சொல்றது

ரீஃபண்டு பேப்பர்ல பொருளோட விலை அச்சடிச்சிருக்கும். அத பைல வச்சுக்கிட்டே திருச்சி கஸ்டம்ஸ்ல "சும்மா பழைய வாட்ச் சார்"னு ஒருத்தரு சொன்னத நான் பின்னாடி வரிசைல நின்னு கேட்டேன், அப்புறம் அவர பெல்ட் பக்கமே காணோம்.

பாம்பன்ல வாங்கினதுக்கு கேக்குறது

பாலம் பார்க்க வந்த ஒரு ஃபிரெஞ்சு ஜோடி சங்கு கடைல ஜிஎஸ்டி ரீஃபண்டு ஃபாரம் கேட்டாங்க, கடைக்காரர் என்னைப் பார்த்தாரு. நம்ம நாட்டு ஐஜிஎஸ்டி சட்டத்துல 15வது பிரிவுன்னு எழுதி வச்சிருக்காங்க, ஆறு மாசத்துக்கு மேல தங்காத வெளிநாட்டு டூரிஸ்டுக்கு திருப்பித் தரலாம்னு. நடைமுறைக்குத்தான் இன்னும் கொண்டு வரல.

துபாய்ல சின்ன பில்லுக்கெல்லாம் க்யூல நிக்கிறது

அங்க வாட்டுன்னு பேரு, நம்ம ஜிஎஸ்டி மாதிரி வரி, 5 சதவீதம், குறைஞ்சது 250 திர்ஹம் பில்லு இருக்கணும். வரில 87 சதவீதம்தான் திரும்ப வரும், அதுலயும் பில்லுக்கு 4.80 திர்ஹம் பிடிச்சுக்குவாங்க. 262.50 திர்ஹம் பில்லு ஒண்ண எடுத்துக்குவோம், வரி 12.50, 87 சதவீதம் போட்டா 10.87, பிடிப்பு போக கைக்கு 6 திர்ஹம். சாச்சா ஒருத்தரு இதுக்காக முக்கா மணி நேரம் நின்னு வாங்கிட்டு வந்து, ஏர்ப்போர்ட்டுக்குள்ளயே டீ ஒண்ணு குடிச்சாரு. டீ அதவிட அதிகம்.