அழுததும் அம்மாவிடம் நீட்டாதீர்கள்: புது அப்பாக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அப்பாவாகப் போகிறவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். பொம்மையை வைத்து டயப்பர் மாற்றப் பழக்குவதில் ஆரம்பித்து, குழந்தை பிறந்த பிறகு வீட்டுக்கே போய்ப் பார்ப்பது வரை அதில் அடக்கம். ஆட்கள் மாறுகிறார்கள், தவறுகள் மாறுவதில்லை. பாதிக்கு மேல் நானே முன்பு செய்தவை. கழுத்தைத் தாங்கிப் பிடி, கை கழுவிவிட்டுத் தூக்கு என்பதையெல்லாம் யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பார்த்ததும் பாசம் பொங்கும் என்று எதிர்பார்ப்பது

சிலருக்குப் பொங்கும். பலருக்கு முதல் சில வாரங்கள் பயமும் தூக்கக் கலக்கமும்தான். "யாரோ விருந்தாளி வந்து தங்கியிருக்கிற மாதிரி இருக்கு சார்" என்று ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவரிடம் கோளாறு எதுவும் இல்லை. பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் வரைதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்கிற அப்பா அதற்கு ஒரு மங்கல் உருவம், அவ்வளவுதான். முகம் பார்த்துச் சிரிக்கவே 6 முதல் 8 வாரம் ஆகும். அதுவரை நீங்கள் என்ன செய்தாலும் பெரிதாகப் பதில் வராது. பரவாயில்லை, தூக்குங்கள், முகத்துக்கு அருகில் வைத்துக்கொண்டு எதையாவது பேசுங்கள். குளிப்பாட்டி, துடைத்து, தூங்கவைத்துப் பழகப் பழகத்தான் பெரும்பாலானவர்களுக்கு ஒட்டுதல் வருகிறது.

அழ ஆரம்பித்ததும் அம்மாவிடம் நீட்டுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும்.

ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். வகுப்பில் பொம்மையை அத்தனை அழகாகத் துணியில் சுற்றிக் காட்டியவர். குழந்தை அவர் மடியில் இருந்தது. மனைவி அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார். குழந்தை அழக்கூட இல்லை, முகத்தைச் சுளித்துச் சிணுங்கியது. இவர் சுடுபாத்திரத்தைத் தொட்டவர் போல எழுந்து போய் அதை மனைவியிடம் நீட்டிவிட்டார். "பசிக்குது போல." பால் குடித்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. அந்த அம்மா கை கழுவிவிட்டு வந்து குழந்தையைத் தோளில் போட்டார், ஒரு ஏப்பம் வந்தது, சிணுங்கல் நின்றது. "பாத்தீங்களா, அவகிட்ட போனாத்தான் அடங்குது" என்றார் என்னிடம், பெருமையாக வேறு.

அந்த ஏப்பம் அவர் தோளிலும் வந்திருக்கும்.

இது பசியா, தூக்கமா, ஈரமா, வயிற்றில் காற்றா என்று கண்டுபிடிப்பது அம்மாக்களுக்குப் பிறவியிலேயே வருகிற வித்தை இல்லை. நாளெல்லாம் கையில் வைத்திருப்பதால், பலமுறை தப்பாக ஊகித்துத் தப்பாக ஊகித்துப் பிடிபடுவது. அழும்போதெல்லாம் கைமாற்றிவிடுகிற அப்பாவுக்குத் தப்பாக ஊகிக்கிற வாய்ப்பே கிடைப்பதில்லை. இரண்டு மாதம் இப்படிப் போனால், 'அவருக்குக் குழந்தையைப் பார்த்துக்கத் தெரியாது' என்று வீடே முடிவு கட்டிவிடும். அவரும் அதை நம்பிவிடுவார். அந்த அம்மாவோ நிம்மதியாகக் குளிக்கக்கூட முடியாமல் கிடப்பார்.

வேலைக்குப் போய் மாலையில் திரும்புகிறவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. குழந்தையின் அழுகை இரண்டாவது வாரம் வாக்கில் கூட ஆரம்பித்து, ஆறாவது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தணியும். அதிலும் காரணமே பிடிபடாத அழுகை பெரும்பாலும் மாலையிலும் முன்னிரவிலும்தான் வரும். அதாவது, சரியாக நீங்கள் வீட்டுக்கு வருகிற நேரம். பகலெல்லாம் சாதுவாக இருந்த குழந்தை உங்கள் கைக்கு வந்ததும் வீறிட்டால், 'இதுக்கு என்னைப் பிடிக்கலை' என்றுதான் தோன்றும். அந்த நேரத்தில் யார் தூக்கினாலும் அழும் என்பதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருங்கள்.

நான் சொல்லிக்கொடுக்கிற கணக்கு இதுதான்: பசி இல்லையென்றால் கால் மணி நேரம் குழந்தை உங்கள் கையிலேயே இருக்கட்டும். பசியை அறிய அழுகை வரை போக வேண்டாம். தலையைப் பக்கவாட்டில் திருப்பி வாயால் தேடும், கையை வாய்க்குக் கொண்டுபோகும். அப்படிச் செய்தால் தாராளமாக அம்மாவிடம் கொடுங்கள். இல்லையா, முதலில் டயப்பரைப் பாருங்கள். தோளில் போட்டு முதுகைத் தட்டுங்கள். உடுப்பு அதிகமாகிப் புழுங்குகிறதா என்று பிடரியைத் தொட்டுப் பாருங்கள். விளக்கைக் குறைத்துவிட்டு, தாழ்ந்த குரலில் ஒரே மாதிரி 'ஷ்ஷ்' என்று சொல்லிக்கொண்டு மெல்ல நடங்கள். ஒவ்வொன்றுக்கும் சில நிமிடமாவது கொடுங்கள். அரை நிமிடத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொண்டே இருந்தால் குழந்தை இன்னும் மிரளும். கூட இருப்பவர்களும் அந்தக் கால் மணி நேரம் குழந்தையைப் பிடுங்காமல் இருக்க வேண்டும். முடிந்தால் அடுத்த அறைக்குப் போய்விடட்டும்.

இதற்கும் எல்லை உண்டு. உங்களுக்குக் கோபம் ஏறுவது தெரிந்தால், குழந்தையை அதன் படுக்கையில் மல்லாக்கக் கிடத்திவிட்டு வெளியே வந்து சில நிமிடம் நில்லுங்கள். அந்தச் சில நிமிடம் அழுவதால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் உலுக்கினால் மூளைக்குள் ரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதேபோல், மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு உடல் சூடு 38 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டால் கால் மணி நேரக் கணக்கெல்லாம் கிடையாது. உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

பாட்டில் கொடுத்தால்தான் ஒட்டும் என்று நினைப்பது

"தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்கு நான் என்ன செய்ய முடியும்? ஒரு வேளை பாட்டிலில் கொடுக்கிறேனே" என்று கேட்காத வகுப்பே இல்லை. ஆசை புரிகிறது. ஆனால் எவ்வளவு பால் குடிக்கப்படுகிறதோ அதற்கேற்பத்தான் பால் சுரக்கும். முதல் வாரங்களிலேயே பாட்டில் நடுவில் புகுந்தால் சுரப்பு குறையலாம். பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். ஒவ்வொரு தடவைக்குப் பிறகும் ஏப்பம், டயப்பர், தூங்கவைப்பது எல்லாம் இருக்கிறதே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டில் பால்தான் என்று ஆகிவிட்ட வீடாக இருந்தால், பாதி வேளைகள் உங்களுடையவை.

சட்டையைக் கழற்றிவிட்டு, டயப்பர் மட்டும் போட்ட குழந்தையை வெற்று மார்பில் போட்டுக்கொண்டு உட்காருங்கள். முகம் ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கட்டும், மூக்கு அழுந்தக் கூடாது, முதுகுக்கு மேல் ஒரு போர்வை. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளுக்காக ஆரம்பித்த கங்காரு முறை இதுதான். அம்மாவால் முடியாத நேரத்தில் அப்பாவின் மார்பிலும் போடுகிறார்கள். நிறைமாதக் குழந்தைக்கும் இது நல்லது.

அப்படியே சோபாவில் கண்ணயர்வது

கூடவே கூடாது. தூக்கம் வருகிறதென்றால் எழுந்து போய், தலையணை எதுவும் இல்லாத கெட்டியான, சமமான படுக்கையில் குழந்தையை மல்லாக்கப் போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

'என்ன செய்யணும், சொல்லு' என்று நிற்பது

வேலை சொல்வதும் ஒரு வேலைதான். குளியலோ இரவு டயப்பரோ, ஒன்றை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். துண்டு காய்ந்திருக்கிறதா, டயப்பர் தீரப்போகிறதா என்று பார்ப்பதும் அதில் சேர்த்தி.

கண்டதையும் வாங்கிக் குவிப்பது

வேண்டாம்.

'பெத்தது அவதானே, எனக்கென்ன' என்று மறைப்பது

குழந்தைப்பேற்றை ஒட்டிய மனச்சோர்வு அம்மாக்களுக்கு மட்டும் வருவதில்லை. அப்பாக்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு வருகிறது. அழுகையாகத்தான் வெளிப்படும் என்றில்லை. எதற்கெடுத்தாலும் சிடுசிடுப்பு, குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராமல் கிடப்பது, வேலை முடிந்தும் வீட்டுக்குக் கிளம்பாமல் நேரம் கடத்துவது என்று வரும். என் வகுப்பில் ஒருவர் எல்லோரையும் சிரிக்கவைத்துக்கொண்டே இருப்பார். தினமும் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போகாமல் அதிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருப்பார் என்பது அவர் மனைவி சொல்லித்தான் தெரிந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி நீடித்தால் மனைவியிடம் சொல்லுங்கள், மருத்துவரையும் பாருங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகும்போதே கேட்டுவிடலாம்.